பத்து பவுண்டுக்குப் போன கம்பெனி

பிரிட்டனில் செப்டம்பர் 1-ம் தேதி என்பது கார் ஷோரூம்காரர்களுக்கு, நம்மூர் நகைக்கடைக்காரர்களுக்கு அட்சய திருதியை மாதிரி. அன்றைக்குத்தான் புதிய நம்பர் பிளேட் வரிசை தொடங்கும். புது நம்பரோடு வண்டி எடுக்க வேண்டும் என்று ஆகஸ்ட் முழுக்கக் காத்திருந்தவர்கள் அன்று காலையிலேயே வந்து நிற்பார்கள். 2025-ல் அந்த நாளில் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஷோரூம்களில் வண்டி இருந்தது, வாங்க ஆள் இருந்தார்கள், பதிவு செய்யத்தான் கம்ப்யூட்டர் இல்லை. சைபர் தாக்குதலுக்கு ஆளான கம்பெனி, தன் கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் தானே அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. சோலிஹல், ஹேல்வுட், வுல்வர்ஹாம்ப்டன் என்று மூன்று ஊர் ஆலைகளிலும் லைன் நின்றது. ஏறத்தாழ ஐந்து வாரம் அப்படியே கிடந்தது.

முதலாளி டாடா. அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தாங்க முடியாமல் தவித்தவர்கள், சுற்றியிருந்த சின்னப் பட்டறைக்காரர்கள். சீட்டுக்கு உறை தைப்பவர், ரப்பர் வார்ப்பவர், முப்பது பேரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து கொடுப்பவர். பெரிய கம்பெனி ஆர்டர் போடவில்லை என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளத்துக்கு இவர்களிடம் பணம் இருக்காது. செப்டம்பர் கடைசியில் பிரிட்டிஷ் அரசு இறங்கி வந்தது. 150 கோடி பவுண்ட் வரை வங்கிக் கடன், அதற்கு அரசு ஜாமீன். ஆனால் ஜாமீன் கையெழுத்து பெரிய கம்பெனியின் பெயருக்கு. பட்டறைக்காரர்களுக்கு அது சொட்டுச் சொட்டாக இறங்கி வரட்டுமாம். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டவனுக்கு, 'ஏரியை நிரப்பிவிட்டோம், போ' என்று பதில் சொன்ன கதை.

தள்ளாடும் கார் தொழிலை அரசு தூக்கி நிறுத்தலாமா, கூடாதா என்ற விவாதம் அங்கே மறுபடி கிளம்பியது. வேடிக்கை என்னவென்றால், சரியாக ஐம்பது வருடம் முன்பு இதே லேண்ட் ரோவருக்கும் இதே ஜாகுவாருக்கும் இதே கேள்வி எழுந்தது. அப்போது அவை ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள். அந்தக் குடும்பத்தின் பெயரைத் தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எல்லோரும் படித்திருப்பார்கள். வண்டியின் முகத்தில், ரேடியேட்டர் கம்பிகளுக்கு மேலே, தடித்த எழுத்தில் இருக்கும். லேலண்ட்.

ஏழு மருமகள், ஏழு அடுப்பு

பிரிட்டிஷ் லேலண்ட் 1968-ல் பிறந்தது. பிறந்தது என்பதைவிட, அரசு முன்னால் நின்று நடத்தி வைத்த கல்யாணம் என்று சொல்லலாம். பிரதமர் ஹெரால்ட் வில்சனுக்கும் தொழில்நுட்ப அமைச்சர் டோனி பென்னுக்கும் ஓர் எண்ணம். அமெரிக்காவுக்கு ஜெனரல் மோட்டார்ஸ், ஜெர்மனிக்கு ஃபோக்ஸ்வாகன், நமக்கும் ஒரு பூதம் வேண்டாமா? லாரியும் பஸ்ஸும் செய்து நல்ல லாபத்தில் இருந்த லேலண்டை மாப்பிள்ளையாக்கி, ஆஸ்டின், மோரிஸ், ஜாகுவார் எல்லாம் அடங்கிய, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இன்னொரு பெரிய கம்பெனியை அதன் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். தலைவர் டொனால்ட் ஸ்டோக்ஸ். கியூபாவுக்கே பஸ் விற்றுக் காட்டிய விற்பனைப் புலி. கார் செய்வதில் பழக்கம் குறைவு.

சேர்ந்த பிறகு பார்த்தால் வீட்டில் ஏழு மருமகள், ஏழு அடுப்பு. ரோவரும் டிரையம்ஃபும் ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி கார் விற்றன. எம்ஜி ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்டி, அதே கம்பெனியின் டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் கார். ஒரே தெருவில் ஆஸ்டின் டீலரும் மோரிஸ் டீலரும் எதிரும் புதிருமாகக் கடை போட்டு ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே முதலாளியின் கல்லா.

மினி காரின் கதை ஒன்று போதும், அந்த வீட்டுக் கணக்கு எப்படி இருந்தது என்று புரிய. 1959-ல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வந்த அந்தச் சின்ன வண்டி உலகப் புகழ். விலை 500 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. போட்டிக் கம்பெனியான ஃபோர்டு ஒரு மினியை வாங்கி வந்து, திருகு திருகாகக் கழற்றித் தரையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கூட்டியது. செய்கிற செலவே விற்கிற விலையைவிட அதிகம். ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 30 பவுண்ட் நஷ்டம் என்று ஃபோர்டு ஆட்களுக்குத் தெரிந்தது. செய்தவர்கள் தெரிந்துகொண்ட மாதிரி தெரியவில்லை. ஓட ஓட விற்றது வண்டி.

அப்புறம் சம்பள முறை. பீஸ் ரேட். திருப்பூரில் கேட்டால் விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரேட், ஒவ்வொரு மாடல் மாறும்போதும் ஒவ்வொரு மூலையிலும் புதிதாகப் பேரம், பேரம் படியாவிட்டால் அந்த மூலையில் வேலை நிறுத்தம், அந்த மூலை நின்றால் லைன் முழுக்க நிற்கும். எழுபதுகளில் பீஸ் ரேட்டை ஒழித்துவிட்டு நாள் சம்பளத்துக்கு மாறினார்கள். இப்போது இன்னொரு தொல்லை. இதுவரை தொழிலாளி தன் கூலிக்காகத் தானே வேகத்தைப் பார்த்துக்கொண்டான். இனி மேஸ்திரி பார்க்க வேண்டும். அந்த வேலைக்குப் பழகிய மேஸ்திரிகள் அங்கே போதுமான அளவு இல்லை.

1973-ல் ஆஸ்டின் அலெக்ரோ வந்தது. ஸ்டீயரிங் வட்டமாக இல்லை, மூலை மழுக்கிய சதுரம். காலுக்கு இடம் விட, மீட்டர் தெரிய என்று காரணம் சொன்னார்கள். இரண்டே வருடத்தில் சத்தமில்லாமல் வட்டத்துக்குத் திரும்பினார்கள். அந்த வருடக் கடைசியிலேயே எண்ணெய் விலை ஏறியது. நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம், வாரத்துக்கு மூன்று நாள்தான் ஆலைகளுக்கு மின்சாரம். 1974 டிசம்பரில் கம்பெனியின் கல்லா காலி. அரசு 5 கோடி பவுண்டுக்கு ஜாமீன் போட்டது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

முழுசாகவே காப்பாற்று

என்ன செய்யலாம் என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் டான் ரைடர், காகிதக் கம்பெனி நடத்தியவர். 1975 ஏப்ரலில் அறிக்கை வந்தது. நோயை அவர் ஓரளவு சரியாகவே கண்டுபிடித்தார்: இயந்திரங்கள் பழசு, லாபத்தையெல்லாம் டிவிடெண்டாகக் கொடுத்தே தீர்த்திருக்கிறார்கள், புது மாடலுக்குப் பணம் வைக்கவில்லை. மருந்துதான் தவறு. அரசு 140 கோடி பவுண்ட் வரை போட வேண்டும், கம்பெனியை உடைக்கக் கூடாது, எல்லா ஊரும் எல்லா மாடலும் எல்லாப் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிரிட்டனில் மட்டும் அப்போது ஏறத்தாழ 1,70,000 பேர் வேலை பார்த்த கம்பெனி. பாதிக்கப்படும் தொகுதிகளை எண்ணிப் பார்த்த எந்த அரசியல்வாதிக்கும் இதைவிட இனிப்பான அறிக்கை கிடைக்காது. அரசு பங்குகளை வாங்கிக்கொண்டது.

அதே வருடக் கடைசியில் அமெரிக்காவின் கிரைஸ்லர், 'பணம் கொடுக்கிறீர்களா, பிரிட்டிஷ் ஆலைகளை மூடட்டுமா' என்று கேட்டது. 16.25 கோடி பவுண்ட் வரை அரசு ஒதுக்கியது. மூன்று வருடத்தில் கிரைஸ்லர் எல்லாவற்றையும் பெஜோவிடம் விற்றுவிட்டுப் போனது. 1981-ல் ஸ்காட்லாந்தின் லின்வுட் ஆலை மூடப்பட்டது.

லேலண்டில் பணம் வந்தது, கார் வரவில்லை. 1977 நவம்பரில் மைக்கேல் எட்வர்ட்ஸ் என்ற தென்னாப்பிரிக்கரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் வெட்ட ஆரம்பித்தார். லிவர்பூல் அருகே ஸ்பீக், ஆபிங்டனில் எம்ஜி, கோவென்ட்ரியில் கேன்லி என்று வரிசையாக மூடுவிழா. லாங்பிரிட்ஜ் ஆலையின் தொழிற்சங்கத் தலைவர் டெரெக் ராபின்சனை 1979-ல் வேலையை விட்டே நீக்கினார். பத்திரிகைகள் வைத்த பெயர் 'ரெட் ராபோ'. பிரிட்டிஷ் கார் தொழிலைக் கெடுத்தது யார் என்று இன்றைக்கும் அங்கே ஒரு பெரியவரைக் கேட்டால் ராபின்சன் பெயரைத்தான் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நஷ்டத்துக்கு மினி விற்றது தொழிற்சங்கமா? சதுர ஸ்டீயரிங் வரைந்தது கம்யூனிஸ்ட் கட்சியா? வேலைநிறுத்தங்கள் உண்மை, அதனால் வந்த நஷ்டமும் உண்மை. ஆனால் பழி போட ஒரு முகம் கிடைத்ததும் மற்ற எல்லா முகமும் தப்பித்துக்கொண்டன.

இதற்குள் மார்கரெட் தாட்சர் வந்துவிட்டார். நஷ்டக் கம்பெனிக்கு அரசுப் பணம் கொடுப்பது பாவம் என்று நம்பியவர். அவருடைய தொழில் அமைச்சர் கீத் ஜோசப் அதைவிடத் தீவிரம். பதவியேற்றதும் தன் துறை அதிகாரிகளுக்கு, சந்தைப் பொருளாதாரம் பற்றிப் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று பட்டியலே கொடுத்தவர். அந்தக் கீத் ஜோசப்தான் 1981 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் எழுந்து, லேலண்டுக்கு மேலும் 99 கோடி பவுண்ட் என்று அறிவித்தார்.

ஏன் கொடுத்தார்கள்? நாட்டில் வேலையில்லாதவர்கள் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். லேலண்டை மூடினால் அதற்கு உதிரிபாகம் செய்கிற மிட்லண்ட்ஸ் முழுக்கப் படுக்கும். வேலையில்லா உதவித்தொகை, போன வரி வருமானம், மூடுகிற செலவு எல்லாம் கூட்டினால் திறந்து வைத்திருப்பதே மலிவு. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். இடதுசாரி அரசும் கொடுத்தது, வலதுசாரி அரசும் கொடுத்தது. காப்பாற்றலாமா என்பது பட்டிமன்றத் தலைப்பாக மட்டும் நன்றாக இருக்கும். நிஜத்தில் லட்சம் பேர் வேலை பார்க்கும் ஆலையின் சாவியைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர் எவரும் பூட்ட மாட்டார். அதனால் கேட்க வேண்டியது, பணத்தோடு சேர்த்து அவர் என்ன கேட்டார் என்பதை. 1975-ல் கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்த தேர்தல் வரை யாருக்கும் வலிக்கக் கூடாது.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலிய நிதியமைச்சர் ஜோ ஹாக்கி, 'இருக்கிறீர்களா, போகிறீர்களா' என்கிற தோரணையில் ஹோல்டன் கார் கம்பெனிக்கு நாடாளுமன்றத்திலேயே சவால் விட்டார். மறுநாளே ஹோல்டன், போகிறோம் என்றது. ஃபோர்டு ஏற்கெனவே கிளம்பியிருந்தது. இரண்டு மாதத்தில் டொயோட்டாவும் அறிவித்தது. உதிரிபாகக்காரர்கள் எல்லோருக்கும் பொது. இரண்டு வாடிக்கையாளர் போனால் மூன்றாவது ஆளை மட்டும் நம்பி யாரும் பட்டறை நடத்த முடியாது. 2017 அக்டோபரோடு அந்தக் கண்டத்தில் பெரிய கார் ஆலை ஒன்றும் இல்லை.

காப்பாற்றுகிறவன் கறாராகவும் இருக்க முடியும் என்பதை 2009-ல் அமெரிக்கா காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸில் ஏறத்தாழ 4,950 கோடி டாலர் போட்ட அரசு, தலைவர் ரிக் வாகனரை வீட்டுக்கு அனுப்பியது, பழைய பங்குதாரர்களின் பங்கைப் பூஜ்யமாக்கியது, 40 நாளில் திவால் நீதிமன்றத்தைக் கடந்து வரச் செய்தது. போன்டியாக், சாட்டர்ன், ஹம்மர் எல்லாம் மண்ணுக்குப் போயின. அரசுக்கு அதில் 1,000 கோடி டாலருக்கு மேல் திரும்பி வரவில்லை. கம்பெனி பிழைத்தது. பிழைத்த விலையில் பெரும் பங்கைக் கொடுத்தவன், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன். பக்கத்தில் நிற்கும் பழைய ஆள் வாங்குவதில் ஏறத்தாழ பாதிதான் அவனுக்குச் சம்பளம். அந்தப் படிநிலைகளை உடைக்க 2023-ல் ஒன்றரை மாத வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

பாகப்பிரிவினை

லேலண்டுக்கு வருவோம். உடைக்கக் கூடாது என்று சொன்னதைக் கடைசியில் உடைத்தார்கள். 1984-ல் ஜாகுவார் தனியாகப் பங்குச் சந்தைக்குப் போனது. 1987-ல் லாரிப் பிரிவு நெதர்லாந்தின் டாஃப் கம்பெனியோடு சேர்ந்தது. மிச்சம் இருந்ததற்கு ரோவர் என்று பெயர் மாற்றி, 1988-ல் விமானம் செய்கிற பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு 15 கோடி பவுண்டுக்குக் கொடுத்தார்கள். அதிலும் அரசு மறைவாக 4.44 கோடி சலுகை கொடுத்திருந்ததை ஐரோப்பிய ஆணையம் பிடித்து, திருப்பிக் கட்டச் சொன்னது. 1994-ல் பிஎம்டபிள்யூ 80 கோடிக்கு வாங்கியது. அதுவரை கூட நின்று கார் செய்யச் சொல்லிக் கொடுத்த ஹோண்டாவுக்கு மனத்தாங்கல்.

ஆறே வருடத்தில் பிஎம்டபிள்யூவுக்கும் அலுத்துவிட்டது. மினியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றது. லாங்பிரிட்ஜ் ஆலையும் ரோவர், எம்ஜி கார்களும் மிஞ்சின. அதை 2000-ல் ஃபீனிக்ஸ் என்ற நான்கு பேர் குழு வாங்கியது. விலை பத்து பவுண்ட். அச்சுப் பிழை இல்லை. இரண்டு பேர் ஒரு மத்தியான சாப்பாடு சாப்பிடப் போதுமா போதாதா என்கிற தொகை. கூடவே பிஎம்டபிள்யூ நாற்பது கோடிக்கு மேல் கடனும் கொடுத்து அனுப்பியது. வாங்கியவர்கள் ஊருக்குள் வந்தபோது கையில் கொடியோடு கூட்டம் வரவேற்றது.

2005 ஏப்ரலில் கதை முடிந்தது. ஷாங்காய் கம்பெனியோடு நடந்த பேச்சு முறிந்தது. பொதுத்தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. சம்பளம் போட ஒரு வாரத்துக்கென்று அரசு 65 லட்சம் பவுண்ட் கடன் கொடுத்தது. முப்பது வருடக் கைகொடுத்தலில் கடைசித் தவணை அதுதான். ஏறத்தாழ 6,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். அந்த நான்கு பேரும் ஒரு மேலாளரும் ஐந்து வருடத்தில் சம்பளமும் ஓய்வூதியமுமாக எடுத்துக்கொண்டது 4.2 கோடி பவுண்ட் என்று பிற்பாடு அரசு விசாரணை சொன்னது. தொழிலாளர்களுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்த நிதியில் செலவெல்லாம் போக மிஞ்சியதைப் பிரித்தால் தலைக்கு மூன்று பவுண்ட் அளவு. அதை அவர்களுக்குக் கொடுக்காமல், நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒன்றாக வைத்திருக்கப் பாடுபட்ட குடும்பத்தில், பிரிந்து போன பிள்ளைகள்தான் பிழைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் கௌலியில் மினி வருகிறது, முதலாளி ஜெர்மன். ஜாகுவார் லேண்ட் ரோவர் 2008-ல் டாடா கைக்கு வந்தது. எம்ஜி சீனர்களிடம், 'விண்ட்ஸர்' என்ற அரண்மனைப் பெயரோடு ஒரு மின்சாரக் காராக நம் ஊர்த் தெருவிலேயே ஓடுகிறது. தாட்சர் அழைத்து வந்த நிசான் 1986-ல் சண்டர்லேண்டில் ஆலை திறந்தது. 1982-ல் ஒன்பது லட்சத்துக்கும் கீழே போயிருந்த பிரிட்டிஷ் கார் உற்பத்தி 2016-ல் 17 லட்சத்தைத் தாண்டியது. இன்று மறுபடி எட்டு லட்சத்துக்குக் கீழே. உள்நாட்டுத் தொழில் செத்ததா, பிழைத்ததா? கம்பெனியின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் செத்தது. காலையில் ஷிப்ட்டுக்குப் போகிறவனின் டிபன் பாக்ஸைப் பார்த்தால் பாதி பிழைத்தது.

அந்தப் பிள்ளைகளில் சிலர் நம் பக்கமும் வந்தார்கள். ரோவர் எஸ்டி1 என்று ஒரு கார். ஐரோப்பாவில் அந்த வருடத்தின் சிறந்த கார் என்று 1977-ல் பரிசு வாங்கியது. அதற்காகச் சோலிஹல்லில் கட்டிய புத்தம்புது ஆலையை 1982-லேயே மூடினார்கள். அதே காரின் உடம்பு 1985-ல் சென்னையில், தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில், 'ஸ்டாண்டர்டு 2000' என்று வெளிவந்தது. மேலே ராஜா உடை, உள்ளே வேன்கார்டு என்ற பழைய காரின் வம்சத்து எஞ்சின். 1988-ல் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இப்போது ஐடி கம்பெனிகள். அந்தக் காரை யாரும் காப்பாற்றவில்லை. டெல்லி அப்போது காப்பாற்றி முடித்திருந்தது வேறொரு கம்பெனியை: சஞ்சய் காந்தி தொடங்கி, கலைந்து போயிருந்த மாருதியை. 1980-ல் அதை அரசுடைமையாக்கியவர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். பழைய கார் வடிவத்தைக் கட்டிக்கொண்டு அழாமல், சுசூகியைக் கூட்டி வந்து கார் செய்யும் வேலையை அவர்களிடம் விட்டார்கள். 1983 டிசம்பரில் முதல் வண்டி. ஆடம்பரம் வேண்டாம், ஓடினால் போதும் என்ற நடுத்தர வர்க்கம் அந்தப் பக்கம் போய்விட்டது.

1948-ல் பிறந்து, எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், லேலண்ட் பங்கு வாங்கியதும் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1987-ல் அந்தப் பங்கு ஹிந்துஜா கைக்குப் போனது. லேலண்ட் கைவிட்ட லீட்ஸ் நகர பஸ் பட்டறையின் வாரிசாக ஆப்டேர் என்று ஒரு கம்பெனி இங்கிலாந்தில் இருந்தது. 2012-க்குள் எண்ணூர்க் கம்பெனி அதன் பெரும்பங்கை வாங்கிவிட்டது. தாய் வீட்டின் அனாதையைப் பிள்ளை தத்தெடுத்தது போல. ஆனால் 2025-ல் அங்கே பஸ் செய்வதை நிறுத்தும் திட்டத்தை அறிவித்ததும் அதே பிள்ளைதான். ராணிப்பேட்டை பக்கம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாடாவின் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது, ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே வரும் என்றார்கள்.

போன மாதம் கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் பஸ் கிளம்பக் காத்திருந்தேன். ஓட்டுநர் வண்டியின் முன்னால் நின்று கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி கீழே இறங்கி, அந்த ஆங்கில எழுத்துகளையும் ஒரு சுற்றுத் துடைத்தது.

"இந்த லேலண்ட்னா என்னன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டேன், ஏறக்குறைய இந்தக் கட்டுரை மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால்.

"கம்பெனி பேரு சார். லேலண்டு வண்டின்னா இழுவை."

"இங்கிலாந்துல ஒரு ஊர் பேரு அது. அங்கேதான் அந்தக் கம்பெனி ஆரம்பிச்சுது."

அவர் துணியை உதறினார். "அப்படியா? இப்ப அந்த ஊர்ல என்ன சார் பண்றாங்க?"

"லாரிதான் பண்றாங்க. டாஃப்னு வேற பேர் போட்டு."

"பண்றாங்கல்ல," என்று சொல்லிவிட்டு அவர் சீட்டில் ஏறினார்.